யார் சொன்னது, யாருக்கு இழப்பு? அமெரிக்கக் கட்சிகளும் தலைவர்களின் இனவாதப் பேச்சும்

1. கேள்வி

மார்க் ஹால்பெரினும் ஜான் ஹைல்மனும் எழுதி 2010 ஜனவரியில் வெளியான 'கேம் சேஞ்ச்' என்ற நூல், 2008 அமெரிக்க அதிபர் தேர்தலின் திரைமறைவுச் செய்திகளைத் தொகுத்துச் சொன்னது. செனட்டின் பெரும்பான்மைத் தலைவரான ஹாரி ரீட் தனிப்பேச்சில் சொன்ன ஒரு கருத்தும் அவற்றில் ஒன்று. ஒபாமா வெளிர்நிறக் கறுப்பர். அவராக விரும்பினாலொழிய 'நீக்ரோ' பேச்சுவழக்கு அவரிடம் வெளிப்படாது. ஆகவே நாடு அவரை ஏற்கும் என்பது அதன் சாரம். செய்தி வெளிவந்ததும் ரீட் ஒபாமாவைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். மன்னித்துவிட்டதாக ஒபாமா அன்றே அறிவித்தார். ஜனநாயகக் கட்சியைப் பொறுத்தவரை விவகாரம் அத்தோடு முடிந்தது.

குடியரசுக் கட்சி விடவில்லை. அக்கட்சியின் தேசியக் குழுத் தலைவராக அப்போது இருந்தவர் மைக்கேல் ஸ்டீல். அப்பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். ரீட் தலைமைப் பதவியைத் துறக்க வேண்டும் என்று கேட்ட அவர், ஏழாண்டுகளுக்கு முன் தம் கட்சியின் அப்போதைய செனட் தலைவர் டிரென்ட் லாட்டுக்கு நேர்ந்ததைச் சுட்டிக்காட்டினார். லாட் பேசியதற்குப் பதவி போனது. ரீட் பேசியதற்கு மன்னிப்பு கிடைத்தது. இது இரட்டை அளவுகோல் இல்லையா?

கேள்வி நியாயமானது. ஆனால், அதை எழுப்பும் விதத்திலேயே ஒரு திசைதிருப்பல் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். உன் கட்சிக்காரர், என் கட்சிக்காரர் என்று இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்தினால், பேச்சின் தன்மை, பேசியவரின் கடந்தகாலம், சூழல் எல்லாமே வேறுபடுகின்றன. எந்தத் தரப்பும் தனக்குச் சாதகமான வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடலாம். அதே ஒப்பீட்டை ஒரே கட்சிக்குள் செய்தால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். எது தண்டிக்கப்படுகிறது, எது பொறுத்துக்கொள்ளப்படுகிறது என்பதை அப்போதுதான் தெளிவாகக் காண முடிகிறது.

2. லாட்: 2002 டிசம்பர்

2002 டிசம்பர் 5 அன்று, தென் கரோலினாவின் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்டின் நூறாவது பிறந்தநாள் விழா வாஷிங்டனில் நடந்தது. வாழ்த்திப் பேசிய மிசிசிப்பி செனட்டர் லாட், தர்மண்ட் அதிபர் தேர்தலில் நின்றபோது மிசிசிப்பி மக்கள் அவருக்கு வாக்களித்ததில் பெருமை கொள்வதாகவும், நாட்டின் பிற பகுதிகளும் அப்படிச் செய்திருந்தால் இத்தனை ஆண்டுகளாக இந்தச் சிக்கல்களெல்லாம் வந்திருக்காது என்றும் சொன்னார்.

அவர் குறிப்பிட்டது 1948 தேர்தலை. ஜனநாயகக் கட்சி குடிமை உரிமைகளில் சமத்துவத்தைத் தன் அறிக்கையில் ஏற்றதை எதிர்த்து, தென்மாநிலத்தார் பிரிந்துசென்று தனிக்கட்சி கண்ட தேர்தல் அது. அதன் வேட்பாளரான தர்மண்டின் மையக் கொள்கை இன ஒதுக்கலைக் காப்பது. அவர் நான்கு மாநிலங்களை வென்றார். மிசிசிப்பியில் 87 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். அம்மாநிலத்தின் கறுப்பினத்தவரில் ஆகப் பெரும்பாலோர் அப்போது வாக்குச்சாவடிப் பக்கமே போக முடியாதவர்கள். லாட் பெருமைப்பட்ட அந்த வாக்குகள், அண்டை வீட்டுக்காரரின் வாக்குரிமையைப் பறித்துவைத்திருந்தவர்கள் போட்ட வாக்குகள்.

முதல் சில நாள்கள் பெரிய நாளிதழ்கள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. செனட்டின் ஜனநாயகக் கட்சித் தலைவர் டாம் டாஷ்லேயும் லாட்டின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார். தம் கட்சியினரே கொதித்தெழுந்த பிறகுதான் தொனியை மாற்றினார். இரட்டை அளவுகோலைப் பற்றிய விவாதங்களில் இந்தச் செய்தி விட்டுப்போவது வழக்கம். லாட்டை விரட்டியது எதிர்க்கட்சி அல்ல. வலதுசாரி எழுத்தாளர்கள் பலர் தொடக்கத்திலேயே அவரைக் கண்டித்தார்கள். 1980இல் மிசிசிப்பியில் நடந்த ரீகன் ஆதரவுக் கூட்டத்திலும் அவர் ஏறத்தாழ இதையே பேசியிருந்தது வெளியே வந்தது. இன ஒதுக்கல் காலத்தை நல்லதெனக் காட்டும் எந்தப் பேச்சும் புண்படுத்துவது, தவறானது என்று டிசம்பர் 12 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் வெளிப்படையாகச் சொன்னார். லாட் பலமுறை மன்னிப்புக் கேட்டார். கறுப்பினத்தவருக்கான 'பி.இ.டி.' தொலைக்காட்சிக்கும் போய்ப் பேட்டி கொடுத்தார். பலிக்கவில்லை. டிசம்பர் 20 அன்று தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த இடத்துக்கு பில் ஃப்ரிஸ்ட் வந்தார்.

ஆனால், அவர் செனட்டிலிருந்து விலகவில்லை. அந்தக் கட்டத்தில் மிசிசிப்பியின் ஆளுநர் ஜனநாயகக் கட்சியினர். லாட் இடத்தைக் காலிசெய்தால், தற்காலிக உறுப்பினரை நியமிக்கும் அதிகாரம் அவரிடம் போய்விடும். வரவிருந்த செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 51 இடங்கள், ஜனநாயகக் கட்சிக்கு 48, சுயேச்சை ஒருவர். தலைவரை மாற்றினால் கட்சிக்கு இழப்பில்லை, லாபம்கூட உண்டு. உறுப்பினரை இழப்பதோ ஆபத்து. 2006 நவம்பரில் அதே கட்சி லாட்டை செனட் கொறடாவாகத் தேர்ந்தெடுத்து மீண்டும் தலைமைக்குழுவில் அமர்த்தியது. நான்கு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை.

3. இதுவரை சொல்லப்பட்ட விளக்கங்கள்

குடியரசுக் கட்சியினர் முன்வைக்கும் விளக்கம், ஊடகங்களும் ஜனநாயகக் கட்சியும் தம்மவரைக் காப்பாற்றுகின்றன என்பது. அவர்களின் வலுவான சான்று மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட். இளமையில் கு க்ளக்ஸ் கிளானில் இருந்தவர். 1964 குடிமை உரிமைச் சட்டத்தைத் தடுக்கப் பதினான்கு மணிநேரத்துக்கும் மேல் செனட்டில் பேசியவர். 2001 மார்ச்சில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் மிகக் கொடிய சொல்லை வெள்ளையர் சிலருக்குச் சூட்டிப் பேசினார், மன்னிப்புக் கேட்டார், விவகாரம் ஓய்ந்தது. மூன்றே மாதத்தில் செனட்டின் தற்காலிகத் தலைவரானார். அதிபர் பதவிக்கான வாரிசு வரிசையில் அது மூன்றாம் இடம். 2004இல் கனெக்டிகட்டின் கிறிஸ் டாட், உள்நாட்டுப் போர்க் காலம் உட்பட எந்தக் காலத்துக்கும் பேர்ட் பொருத்தமான செனட்டராக இருந்திருப்பார் என்று புகழ்ந்தார். லாட்டின் பேச்சுக்கு இது வெகு அருகில் வருகிறது. டாட் வருத்தம் தெரிவித்தார்; பதவி எதுவும் போகவில்லை. டாட் அப்போது கட்சித் தலைவர் இல்லை என்பது மட்டும் அதற்குப் போதுமான விளக்கமாக எனக்குத் தோன்றவில்லை.

பேர்டுக்கு முன் அந்தத் தற்காலிகத் தலைவர் நாற்காலியில் இருந்தவர் தர்மண்ட் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பணிமூப்பின் பெயரால் இரு கட்சிகளும் இப்படிப்பட்டவர்களை அந்த இடத்தில் அமர்த்தின.

ஜனநாயகக் கட்சியினரின் விளக்கம் வேறு. ஒபாமாவை ஆதரித்த ரீட், வெள்ளை வாக்காளரின் முன்முடிவுகளைக் காலாவதியான ஒரு சொல்லால் மதிப்பிட்டார். லாட்டோ இன ஒதுக்கல் வேட்பாளர் வென்றிருக்க வேண்டும் என்று ஏங்கினார். பேர்டும் தம் பழைய நிலைப்பாட்டைத் தவறு என்று பலமுறை ஒப்புக்கொண்டவர். உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை இந்த வாதம் சரி என்றே கருதுகிறேன். ரீட் சொன்னது அருவருப்பூட்டுகிறது. லாட் சொன்னது அச்சமூட்டுகிறது. ஆனால், இந்த வேறுபாட்டைக் கட்சி ஆராய்ந்து பார்த்துத்தான் முடிவுக்கு வந்ததா? அப்படித் தெரியவில்லை. சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் 2009 டிசம்பர் 24 அன்றுதான் செனட்டில் நிறைவேறியிருந்தது. அது இறுதிவடிவம் பெறும்வரை ரீட் இல்லாமல் முடியாது. அவரை மன்னித்தவரே அந்தச் சட்டம் எவரைவிடவும் அதிகம் தேவைப்பட்ட மனிதர்.

இரு தரப்பும் துணைக்கு அழைக்கும் வரலாறு 1964 குடிமை உரிமைச் சட்ட வாக்கெடுப்பு. செனட்டில் குடியரசுக் கட்சியினர் 27 பேர் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு. ஜனநாயகக் கட்சியினர் 46 பேர் ஆதரவு, 21 பேர் எதிர்ப்பு. இதைக் காட்டி, லிங்கனின் கட்சியே சமத்துவத்தின் கட்சி என்பார்கள் குடியரசுக் கட்சியினர். ஆனால், அந்த 21 பேரில் 20 பேர் தென்மாநிலத்தார். எஞ்சிய ஒருவர் பேர்ட். அன்று பிளவு கட்சிகளுக்கிடையே அல்ல, வட்டாரங்களுக்கிடையே இருந்தது. சட்டத்தை எதிர்த்து வாக்களித்த பேரி கோல்ட்வாட்டர் அதே ஆண்டு குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரானார். தர்மண்டும் அதே ஆண்டு அக்கட்சிக்குத் தாவினார்.

மூன்றாவது விளக்கம் உளவியலாளர்களுடையது. 2003இல் ஜெஃப்ரி கோஹன் வெளியிட்ட ஆய்வில், நலத்திட்டம் ஒன்றை எடைபோடச் சொன்னபோது, அதன் உள்ளடக்கத்தைவிடத் தம் கட்சி அதை ஆதரிக்கிறதா என்ற செய்தியே பங்கேற்றோரின் முடிவைத் தீர்மானித்தது. அவர்களோ உள்ளடக்கத்தைப் பார்த்தே முடிவெடுத்ததாக நம்பினார்கள். பெனுவா மோனினும் டேல் மில்லரும் 2001இல் காட்டியது இன்னும் பொருத்தமானது: தாம் பாகுபாடு பார்க்காதவர் என்பதை முன்பே நிரூபிக்க வாய்ப்புப் பெற்றவர்கள், அடுத்த முடிவில் பாகுபாட்டுக்குச் சற்று எளிதாக இடம் கொடுத்தார்கள். தனிமனிதரைப் பற்றிய இந்த முடிவைக் கட்சிகளுக்கும் நீட்டிப் பார்க்கலாம் என்பது என் கணிப்பு. ஒரு கட்சி லிங்கனைக் காட்டுகிறது, மற்றொன்று 1964 சட்டத்தில் கையெழுத்திட்ட லிண்டன் ஜான்சனைக் காட்டுகிறது. சேர்த்துவைத்த அந்தப் புண்ணியக் கணக்கிலிருந்து இருவரும் தேவைப்படும்போதெல்லாம் கழித்துக்கொள்கிறார்கள்.

இந்த மூன்று விளக்கங்களும், ஒரே கட்சி ஒரே வகைக் குற்றத்தை ஏன் வேறுவேறு விதமாக நடத்துகிறது என்பதைச் சொல்வதில்லை.

4. ஒரே கட்சிக்குள்

2019ஆம் ஆண்டு இதற்கு நல்ல களம். அயோவாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஸ்டீவ் கிங், ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில், வெள்ளைத் தேசியவாதம், வெள்ளை மேலாதிக்கம் போன்ற சொற்கள் எப்போது புண்படுத்துபவையாக மாறின என்று வியந்தார். ஜனவரி 14 அன்று அவருடைய கட்சியே குழுப் பொறுப்புகள் அனைத்தையும் பறித்தது. மறுநாள் பிரதிநிதிகள் அவையில் கண்டனத் தீர்மானம் 424க்கு 1 என்று நிறைவேறியது. எதிர்த்த அந்த ஒருவரும் கிங்குக்கு ஆதரவானவர் அல்லர். கண்டனம் போதாது, இன்னும் கடுமையான தண்டனை வேண்டும் என்ற கறுப்பின உறுப்பினர் பாபி ரஷ்.

சரியாக ஆறு மாதம் கழித்து, ஜூலை 14 அன்று அதிபர் டிரம்ப், ஜனநாயகக் கட்சியின் பெண் உறுப்பினர்கள் சிலர் தாங்கள் வந்த நாட்டுக்கே திரும்பிப்போய் அதைச் சீர்படுத்தட்டும் என்று எழுதினார். யாரைச் சொல்கிறார் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. வெள்ளையரல்லாத நான்கு பெண்கள். அவர்களில் மூவர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். ஜூலை 16 அன்று வந்த கண்டனத் தீர்மானம் 240க்கு 187 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியிலிருந்து ஆதரித்தவர்கள் நான்கே பேர்.

அதே அவை, அதே கட்சி, பெரும்பாலும் அதே உறுப்பினர்கள். ஜனவரியில் இனவாதத்தை இனங்கண்டவர்களுக்கு ஜூலையில் அது கண்ணில் படவில்லை.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. கிங் சொன்னது வெளிப்படை. டிரம்பினுடையது மறுக்க இடம் தருவது. இனவாதச் செய்தி மறைமுகமாக இருக்கும்வரைதான் பலிக்கும், அப்பட்டமானால் பொதுநெறி அதைத் தண்டிக்கும் என்பது டாலி மெண்டல்பெர்க் தம் 2001ஆம் ஆண்டு நூலில் வளர்த்த புகழ்பெற்ற கருத்து. அதன்படி பார்த்தால் இரு வாக்கெடுப்புகளின் வேறுபாடு நியாயமாகிவிடும். ஆனால், கிங் அன்றுதான் புதிதாக வாய் திறந்தவர் அல்லர். அடுத்தவர் பிள்ளைகளைக் கொண்டு நம் நாகரிகத்தை மீட்க முடியாது என்று அவர் எழுதியது 2017இல். புலம்பெயர்ந்த இளைஞர்களைப் போதைப்பொருள் சுமப்பவர்களாகச் சித்திரித்தது 2013இல். இரண்டும் அப்பட்டமானவை, அப்போது பதவி எதுவும் பறிபோகவில்லை. இடையில் மாறியது ஒன்று: 2016இல் 20 புள்ளிகளுக்கும் மேலான வித்தியாசத்தில் வென்றவர், 2018 நவம்பரில் ஏறத்தாழ மூன்று புள்ளியில் தப்பினார். உறுதியான தொகுதி ஒன்றை அவர் ஆபத்தில் தள்ளியிருந்தார். 2020 ஜூனில் உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார். டிரம்போ கட்சியின் வாக்குவங்கியையே கையில் வைத்திருந்தவர்.

வெளிப்படை, மறைமுகம் என்ற வேறுபாடும் 2016லேயே உடைந்துவிட்டது. டிரம்ப் பல்கலைக்கழக வழக்கை விசாரித்த நீதிபதி மெக்சிகோ வம்சாவளியினர் என்பதால் நடுநிலையாக இருக்க மாட்டார் என்று டிரம்ப் சொன்னபோது, அவைத் தலைவர் பால் ரயன் அதை இனவாதக் கருத்துக்கான பாடநூல் இலக்கணம் என்றார். அந்த நீதிபதி பிறந்தது இண்டியானாவில். குற்றத்துக்குப் பெயர் வைத்த ரயன், அதே மூச்சில் தம் ஆதரவு தொடரும் என்றும் அறிவித்தார்.

ஜனநாயகக் கட்சிக்குள்ளும் இதே கணக்குதான். 2019 ஜூனில் ஜோ பைடன், இன ஒதுக்கல்வாதிகளான ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட், ஹெர்மன் டால்மேட்ஜ் ஆகியோருடன் நாகரிகமாக இணைந்து பணியாற்றியதை நினைவுகூர்ந்தார். வேட்பாளர் போட்டியில் இருந்த கோரி புக்கர் மன்னிப்பு கேட்கச் சொன்னார். விவாதமேடையில் கமலா ஹாரிஸ், பள்ளிகளில் இன ஒதுக்கலை நீக்கும் பேருந்துத் திட்டத்தில் தாம் படித்த காலத்தைச் சொல்லிப் பைடனை நிலைகுலைய வைத்தார். ஜூலையில் பைடன் வருத்தம் தெரிவித்தார். 2020 மே மாதம் அதே பைடன், தமக்கு வாக்களிப்பதா டிரம்புக்கா என்று இன்னும் குழம்புகிறவர் கறுப்பரே அல்லர் என்று வானொலியில் சொன்னார். கறுப்பினத்தவரின் வாக்கு தம் கட்சிக்குச் சொந்தம் என்ற நினைப்பு அதில் அப்படியே தெரிகிறது. என் பார்வையில் முந்தைய பேச்சைவிட இது மோசமானது. கட்சிக்குள் சிலர் முகம் சுளித்தார்கள். அன்றே வந்த மன்னிப்போடு எல்லாம் அடங்கிவிட்டது. முன்னதில் வேட்பாளர் போட்டி நடந்துகொண்டிருந்தது, பைடனைச் சாய்த்தால் மற்றவர்களுக்கு லாபம். பின்னதில் அவர் உறுதியான வேட்பாளர்.

5. இந்தியர் இலக்கானபோது

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான சில நிகழ்வுகளையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். 2004 ஜனவரியில் ஹிலாரி கிளின்டன், காந்தி செயின்ட் லூயிஸில் பெட்ரோல் நிலையம் நடத்தியவர் என்று கேலி பேசிப் பின்னர் வருந்தினார். 2006 கோடையில் பைடன், இந்திய உச்சரிப்பு கொஞ்சமாவது இல்லாமல் எங்கள் ஊரில் செவன்-இலெவன் கடைக்குப் போக முடியாது என்றார். அதே கோடையில், ஆகஸ்ட் 11 அன்று, வர்ஜீனியாவின் குடியரசுக் கட்சி செனட்டர் ஜார்ஜ் ஆலன், எதிர்த்தரப்புக்காகத் தம் கூட்டத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்த இந்திய வம்சாவளி இளைஞரைக் கைகாட்டி, ஒருவகைக் குரங்கைக் குறிக்கும் 'மகாகா' என்ற சொல்லால் அழைத்து, அமெரிக்காவுக்கு வரவேற்றார். அந்த இளைஞர் வர்ஜீனியாவில் பிறந்தவர். 2008இல் அதிபர் வேட்பாளராகலாம் என்று பேசப்பட்ட ஆலன், பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். செனட்டும் அவர் கட்சியின் கையைவிட்டுப் போனது.

பைடன் பேசியது தேய்ந்துபோன அச்சுப்படிமம். ஆலன் செய்தது, நீ இந்த மண்ணைச் சேர்ந்தவன் அல்ல என்று ஒருவரைக் கூட்டத்தின் முன் நிறுத்திச் சொன்னது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. எனினும் ஆலனைத் தண்டித்தது அவருடைய கட்சி அல்ல, வாக்காளர்கள். 2024 ஜூலை 31 அன்று சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர் கூட்டத்தில், கமலா ஹாரிஸ் இந்தியராகவே இருந்துவிட்டுத் திடீரென்று கறுப்பராக மாறியவர் என்று டிரம்ப் சொன்னார். சென்னையில் பிறந்த தாய்க்கும் ஜமைக்காவைச் சேர்ந்த தந்தைக்கும் பிறந்து, கறுப்பினத்தவரின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவரைப் பற்றிய பேச்சு அது. அதற்குக் கட்சிக்குள் எந்த விலையும் இருக்கவில்லை.

6. வர்ஜீனியா: பாதிக்கப்பட்டோரின் கணக்கு

2019 பிப்ரவரி 1 அன்று, வர்ஜீனியாவின் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ரால்ஃப் நார்தமின் 1984ஆம் ஆண்டு மருத்துவக் கல்லூரி ஆண்டுமலர்ப் பக்கம் வெளியானது. கறுப்பினத்தவரைக் கேலிசெய்யும் விதமாக முகத்தில் கரி பூசிய ஒருவர், கிளான் அங்கி அணிந்த ஒருவர் என்று இருவர் சேர்ந்து நிற்கும் படம் அதில் இருந்தது. முதல்நாள் மன்னிப்புக் கேட்ட நார்தம், மறுநாள் அது தாம் இல்லை என்றார். ஆனால், அதே ஆண்டில் ஒரு நடனப்போட்டியில் மைக்கேல் ஜாக்சனைப் போல் வேடமிடக் கரி பூசியதை ஒப்புக்கொண்டார். பைடன், ஹாரிஸ் உட்பட ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைவர்கள் பதவி விலகச் சொன்னார்கள். இங்கே கட்சி தன்னவரைத் தண்டிக்க முன்வந்தது உண்மை. அடுத்த சில நாள்களில், துணை ஆளுநர் மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு எழுந்தது, அவர் மறுத்தார். மாநில அரசு வழக்குரைஞரும் இளமையில் தாம் கரி பூசியதை ஒப்புக்கொண்டார். மூவரும் விலகினால் ஆளுநர் பதவி குடியரசுக் கட்சியின் அவைத் தலைவருக்குப் போகும். அதன்பின் அழுத்தம் படிப்படியாகத் தளர்ந்தது. 2022 ஜனவரியில் பதவிக்காலம் முடியும்வரை நார்தம் நீடித்தார்.

இதுவரை சொன்ன கணக்குக்கு இது ஒத்துப்போகிறது. ஆனால், வர்ஜீனியாவில் இன்னொரு கணக்கும் பதிவாகியிருக்கிறது. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழும் ஷார் பள்ளியும் அந்த நாள்களில் எடுத்த கருத்துக்கணிப்பில் மாநில மக்கள் சரிபாதியாகப் பிரிந்திருந்தார்கள்: விலக வேண்டும் 47, நீடிக்கலாம் 47 விழுக்காடு. கறுப்பினத்தவரில் நீடிக்கலாம் என்றவர்கள் 58, விலக வேண்டும் என்றவர்கள் 37 விழுக்காடு. சட்டமன்றத்தின் கறுப்பின உறுப்பினர் குழுவோ விலகச் சொல்லியிருந்தது. அவமதிக்கப்பட்டவர்களும் அவர்களின் பிரதிநிதிகளும் வேறுவேறு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

அந்த 58 விழுக்காட்டைக் கட்சி விசுவாசம் என்று ஒதுக்கிவிடலாம். ஓரளவு அது உண்மையாகவும் இருக்கலாம். எனக்கு அது மட்டுமாகத் தோன்றவில்லை. பேச்சையும் படத்தையும்விட ஆட்சி என்ன செய்யும் என்பதை எடைபோடும் நீண்ட பழக்கம் அந்த வாக்காளர்களுக்கு உண்டு. தங்களுக்கு நல்லது நினைக்கும் வெள்ளை அரசியல்வாதியின் பழைய பெட்டியில் கரி இருக்காது என்று அவர்கள் ஒருபோதும் நம்பியதில்லை. பதவியில் தங்கிய நார்தமிடமிருந்து அவர்கள் வசூலிக்கவும் செய்தார்கள். 2021 மார்ச்சில் தென்மாநிலங்களிலேயே முதலாவதாக வர்ஜீனியா மரண தண்டனையை ஒழித்தது. விலகச் சொன்ன அதே கறுப்பின உறுப்பினர்கள் அதற்குத் துணைநின்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில், ரிச்மண்ட் நகரில் உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்பின் தளபதியான ராபர்ட் லீக்கு வைத்திருந்த சிலை இறக்கப்பட்டது.

லாட்டின் விதியை முடிவுசெய்தவர்கள் வாஷிங்டனிலிருந்த அவருடைய சக செனட்டர்களும் வெள்ளை மாளிகையும். அவருடைய மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான மக்கள் கறுப்பினத்தவர். தலைமைப் பதவி பறிக்கப்பட்டபோதும், நான்காண்டு கழித்துக் கொறடா பதவி திரும்பக் கொடுக்கப்பட்டபோதும், அந்த முடிவில் அவர்களுக்கு ஒரு பங்கும் இருக்கவில்லை.